குரலைத் தாழ்த்தியவர்கள்

1931-இல் பாஸ்டன் நகரத் தியேட்டர் ஒன்றில் ரூடி வாலி பாடிக்கொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்து ஒரு கிரேப்ஃப்ரூட் பறந்து வந்தது. நம்மூர் பம்ளிமாசின் உறவுக்காரப் பழம். மேலே விழுந்தால் நன்றாகவே வலிக்கும். எறிந்தது ஹார்வர்ட் மாணவர்கள் என்று பேச்சு. அன்றைய அமெரிக்காவில் வானொலி கேட்கும் பெண்கள் கொண்டாடிய பாடகர் வாலிதான். (பெயர் ஒற்றுமை மட்டுமே, நம் கவிஞரோடு முடிச்சுப் போட வேண்டாம்.) அவர் யாரையும் திட்டிப் பாடவில்லை, அரசியல் பேசவில்லை. காதல் பாட்டை மெதுவாகப் பாடினார், அவ்வளவுதான்.

அடுத்த வருடம், 1932 ஜனவரியில், அதே பாஸ்டனின் கத்தோலிக்கக் கர்தினால் வில்லியம் ஓ'கானல் இன்னும் பெரிய கல்லை எறிந்தார். வானொலியில் முனகிப் பாடுவது சீரழிந்த பாட்டு முறை, உண்மையான அமெரிக்கன் எவனும் இந்த இழிந்த கலையில் இறங்க மாட்டான் என்று பேசினார். நியூயார்க்கின் பாட்டு ஆசிரியர்கள் சங்கமும் சேர்ந்துகொண்டது. இந்தப் பாட்டு இளைய தலைமுறையின் மனத்தைக் கெடுக்கிறது என்பது அவர்களுடைய கவலை.

சத்தமாகப் பாடுகிறவர்கள்மேல் கோபப்பட்டதற்கு உலகமெங்கும் கதைகள் உண்டு. ஒருவன் மெதுவாகப் பாடினான் என்பதற்காக இவ்வளவு கோபமா? என்னைக் கேட்டால், மென்மை என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதைப் புரிந்துகொள்ள முடியாது. குரூனர்கள் என்று பெயர் வாங்கிய இந்தப் பாடகர்களின் கதையைத் தூரம் என்ற ஒற்றைச் சொல்லை வைத்துப் படித்தால் எல்லாம் ஒழுங்காக விழுகிறது. பாடுகிறவரின் வாய்க்கும் கேட்கிறவரின் காதுக்கும் நடுவே உள்ள தூரம். மைக் அந்தத் தூரத்தைத்தான் தின்றது.

மைக் இல்லாத காலத்தில் பாடகனின் முதல் வேலை கடைசி வரிசைக்குக் கேட்க வைப்பது. இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடகக் கொட்டகைகளில் ஐந்து கட்டைச் சுருதியில் பாடியது வெறும் வித்தை காட்ட அல்ல. அந்த உயரத்தில் பாடினால்தான் கொட்டகையின் மூலையில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு போய்ச் சேரும். அமெரிக்க மேடைகளிலும் அதே கதைதான். அல் ஜால்சன் போன்றவர்கள் கைகளை விரித்து, முட்டி போட்டு, அடிவயிற்றிலிருந்து குரலை எழுப்பிக் கூரைக்கு அனுப்பினார்கள். ஆபரா என்ற மேலை இசைநாடகத்தின் பாடகர்கள் வேறு வழி கண்டிருந்தார்கள். பயிற்சியினால் குரலில் சுமார் 3000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 3000 அதிர்வுகள்) பக்கம் ஒரு கூர்மையை வரவழைத்துக்கொள்வார்கள். அந்த இடத்தில் வாத்தியக் குழுவின் ஒலி மெலிந்திருக்கும். அந்த இடைவெளி வழியாகக் குரல் நழுவி வெளியே வந்துவிடும். எழுபது வாத்தியங்களுக்கு எதிரே ஒற்றைக் குரல் தாக்குப்பிடிப்பதன் ரகசியம் இது. ஆனால் இப்படிப் பாடும் குரலில் யாரும் யாரிடமும் ரகசியம் பேச முடியாது. 'நான் உன்னை நேசிக்கிறேன்' என்பது ஊருக்கே அறிவிப்பு செய்வது போல் வந்து விழும்.

ஆரம்பகால இசைத்தட்டுகளும் உதவவில்லை. பாடகர் ஒரு தகரக் கூம்புக்குள் கத்த வேண்டும். அந்தக் காற்றின் அதிர்வே ஊசியைத் தள்ளி மெழுகில் கோடு போடும், இடையில் மின்சாரம் கிடையாது. சுமார் 250-இலிருந்து 2500 ஹெர்ட்ஸ் வரைதான் அந்தக் கூம்புக்குப் பிடிபடும். வயலின் ஒலி போதாது என்று வயலினுக்கே ஒரு கூம்பைப் பொருத்தினார்கள். பெரிய தந்திவாத்தியத்துக்குப் பதில் டியூபா ஊதினார்கள். உச்சஸ்தாயி வரும்போது பாடகரைத் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுப்பதும், கீழ்ஸ்தாயியில் முன்னால் தள்ளுவதும் ஒரு ஆளின் வேலை. இந்த ஏற்பாட்டில் முணுமுணுப்புக்கு ஏது இடம்?

1925-இல் இது மாறியது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் உருவாக்கிய மின்பதிவு முறையை விக்டர், கொலம்பியா என்ற இரண்டு பெரிய கம்பெனிகளும் வாங்கின. கூம்பின் இடத்தில் மைக் வந்தது. மேலே 5000 ஹெர்ட்ஸ், கீழே 100 என்று காது திறந்துகொண்டது. மூச்சு கேட்டது. 'ஸ' என்ற எழுத்து கேட்டது. உதடு பிரிவது கேட்டது. ஏறக்குறைய அதே வருடங்களில் வானொலிப் பெட்டியும் வீடுகளுக்குள் வந்தது. பிட்ஸ்பர்கின் கே.டி.கே.ஏ. நிலையம் 1920-இல் ஒலிபரப்பத் தொடங்கி, 1926-இல் என்.பி.சி., 1927-இல் சி.பி.எஸ். என்று நாடு தழுவிய வலைகள் விரிந்தன.

முதலில் குரலைத் தாழ்த்தியவர்கள் அழகுக்காகத் தாழ்த்தவில்லை, வேறு வழியில்லாமல் தாழ்த்தினார்கள். வான் டி லீத் என்ற பெண் 1920 வாக்கிலேயே வானொலியில் பாடியவர். உச்சக் குரலில் பாடினால் ஒலிபரப்புக் கருவியின் வால்வுகள் போய்விடும் என்று அவரை மெதுவாகப் பாடச் சொன்னதாக ஒரு கதை உண்டு. ஜாக் ஸ்மித் என்பவர் முதல் உலகப் போரில் விஷவாயு பட்டு நுரையீரல் கெட்டதால் உரக்கப் பாட முடியாதவர் என்பார்கள். பாட்டுப் புத்தகம் விற்கும் கம்பெனிக்காகப் பியானோ வாசித்துப் பாடிக்காட்டும் வேலையில் இருந்தவர், 'கிசுகிசு ஜாக் ஸ்மித்' என்ற பட்டத்தோடு இசைத்தட்டு நட்சத்திரமானார். பாதி பேச்சு, பாதி பாட்டு. கேட்டால் பக்கத்து நாற்காலிக்காரர் வம்பு சொல்வது போலிருக்கும். 1927-இல் ஜீன் ஆஸ்டின் பாடிய ஒரு தட்டு பல லட்சம் விற்று, இந்தப் பாணியில் பணம் இருக்கிறது என்று கம்பெனிகளுக்குக் காட்டிக்கொடுத்தது.

குரூன் என்ற சொல் ஸ்காட்லாந்துப் பேச்சு வழக்கிலிருந்து வந்தது. 18-ஆம் நூற்றாண்டிலேயே கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் அதைப் பயன்படுத்தியிருக்கிறார். தனக்குத்தானே முணுமுணுப்பது, குழந்தையைத் தூங்கவைக்கத் தாழ்ந்த குரலில் பாடுவது, இதெல்லாம் அதன் பழைய பொருள். நம் மொழியில் மிக அருகே நிற்கும் சொல் தாலாட்டு. இது முக்கியம். மைக் வருவதற்கு முன்பும் மனிதர்கள் மென்மையாகப் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் தொட்டில் பக்கத்தில், தோளில் கிடக்கும் பிள்ளையிடம். அந்தப் பாட்டுக்குக் கூட்டம் கிடையாது. கேட்பவர் ஒரே ஒருவர், அவரும் பாதித் தூக்கத்தில். மைக் செய்த வேலை, அந்த ஒற்றைக் காதுக்கான குரலை ஒரே சமயத்தில் லட்சக்கணக்கான காதுகளுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு. ஒலிக்கு ஒரு குணம் உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் செறிவு நான்கில் ஒன்றாகிவிடும். ஒரு மீட்டர் தள்ளி நின்று பேசுகிறவர் பத்து சென்டிமீட்டருக்கு வந்தால் நூறு மடங்கு செறிவு கிடைக்கும். ஆகவே மைக்கின் அருகில் நிற்பவர் முணுமுணுத்தாலே போதும். மின்சாரம் அந்த முணுமுணுப்பைப் பெரிதாக்கும், ஆனால் அதன் நிறத்தை மாற்றாது. அதுதான் விசேஷம். நம் மூளை ஒரு குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. அதில் மூச்சு கேட்கிறதா, எச்சில் விழுங்குவது கேட்கிறதா என்றும் பார்த்துத்தான் ஆள் எங்கே நிற்கிறார் என்று முடிவு செய்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1960-களில் மனிதர்கள் நடுவே உள்ள இடைவெளிகளை வகைப்படுத்தியபோது, ஒன்றரை அடிக்கு உட்பட்டதை மிக நெருங்கியவர்களுக்கான தூரம் என்றார். காதலர், தாய், குழந்தை. அவர்களைத் தவிர வேறு யார் அங்கே வந்தாலும் உடம்பு ஒதுங்கும். குரூனரின் குரல் வந்து நின்றது அந்த ஒன்றரை அடிக்குள்.

சரி, இப்போது ரூடி வாலிக்கு வருவோம். மெயின் மாநிலத்தில் வளர்ந்து, யேல் பல்கலைக்கழகத்தில் படித்து, சாக்ஸபோன் வாசித்தவர். குரல் பெரிய குரல் இல்லை. மூக்கால் வரும், மெலிந்த குரல். அதனால் கிளப்களில் பாடும்போது விளையாட்டு மைதானத்தில் பிடிக்கிற மாதிரி ஒரு மெகாபோனை வாயில் வைத்துக்கொள்வார். அதுவே அவர் அடையாளமாகிவிட்டது. 1928-இல் நியூயார்க்கின் ஹை-ஹோ கிளப்பிலிருந்து வானொலியில் பாடத் தொடங்கினார். அடுத்த ஆண்டு என்.பி.சி.யில் ஒரு ஈஸ்ட் கம்பெனியின் ஆதரவில் வாராந்திர நிகழ்ச்சி. அது தொடங்கிய நாள் 1929 அக்டோபர் 24. நியூயார்க் பங்குச் சந்தை சரியத் தொடங்கிய கறுப்பு வியாழனும் அதே நாள்தான். ஊரே பணத்தைத் தொலைத்துவிட்டு இரவு வீட்டில் உட்கார்ந்திருக்க, வானொலியிலிருந்து ஒரு இளைஞன் தாழ்ந்த குரலில் பாடுகிறான். பிடித்துப்போனதில் ஆச்சரியம் என்ன? வானொலி வாங்கியவனுக்கு அதற்குமேல் டிக்கெட் செலவும் கிடையாது.

அன்றைய கார்பன் மைக்கும் சிறிய ஒலிபெருக்கிகளும் கனமான கீழ்க்குரலைச் சரியாகக் காட்டாதவை. மெலிந்த, உயர்ந்த ஆண்குரல்தான் அதில் தெளிவாக விழும். ஆக வாலியின் குறை அவருக்கு வரமாயிற்று. ஆனால் கோபத்துக்கும் அதுவே காரணம். மெலிந்த குரல், கெஞ்சுகிற தொனி, நீ இல்லாமல் நான் இல்லை என்கிற வரிகள். ஆண்பிள்ளை என்றால் இப்படியா என்று பத்திரிகைகள் கேட்டன. அதைவிட ஆழத்தில் ஒரு பயம் இருந்தது என்று நினைக்கிறேன். கணவன் வேலைக்குப் போயிருக்கிறான், அல்லது வேலை போய் வீட்டில் சும்மா இருக்கிறான். அவன் வீட்டுக் கூடத்தில், அவன் காசில் வாங்கிய பெட்டியிலிருந்து, அறிமுகமில்லாத ஒருவன் அவன் மனைவியின் காதருகே 'நீ, நீ' என்று பாடுகிறான். தியேட்டரில் பாடியிருந்தால் அவள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போயிருக்க வேண்டும், நாலு பேர் பார்த்திருப்பார்கள். இங்கே தடுக்கக் கதவே இல்லை. கர்தினாலின் ஆத்திரத்தில் இறையியல் குறைவு, வீட்டுக்காரரின் பதற்றம் அதிகம்.

பிங் கிராஸ்பி இந்தப் பதற்றத்தை ஆற்றியவர். 1903-இல் டகோமாவில் பிறந்து ஸ்போகேனில் வளர்ந்த ஐரிஷ் கத்தோலிக்க வழிப் பையன். யேசு சபையினர் நடத்திய கொன்சாகா பல்கலைக்கழகத்தில் படித்தார், சட்டப் படிப்பைப் பாதியில் விட்டார். பால் வைட்மனின் பெரிய பேண்டில் மூவர் குழுவில் ஒருவராகப் பாடிப் பழகி, 1931 செப்டம்பர் 2-ஆம் தேதி சி.பி.எஸ். வானொலியில் தனியாக இறங்கினார். அவருடையது கீழே இறங்கும் குரல். 1930-களின் தொடக்கத்தில் ஆர்.சி.ஏ. கம்பெனியின் ரிப்பன் மைக் வந்தது. மெல்லிய உலோகப் பட்டை ஒன்று காந்தத்தின் நடுவே தொங்கும் கருவி. இதற்கு ஒரு விசித்திர குணம். எவ்வளவு நெருங்கிப் பாடுகிறீர்களோ அவ்வளவுக்குக் கீழ்ச்சுரங்கள் தடிக்கும். இன்றும் வானொலி அறிவிப்பாளர்கள் மைக்கை உதட்டோடு ஒட்டிக்கொள்வது இந்தக் கனத்துக்காகத்தான். அந்த மைக்கின் முன்னும் பின்னும் வரும் ஒலியைத்தான் அது வாங்கும், பக்கவாட்டில் வருவதை விட்டுவிடும். பேண்டைப் பக்கவாட்டில் உட்காரவைத்துவிட்டுப் பாடகர் எதிரே நின்றால், முப்பது பேர் வாசித்தாலும் குரல் தனியாகத் தெரியும். வாலிக்குப் பொருந்திய பழைய மைக்குகள் ஒதுங்கின. கிராஸ்பிக்கென்றே செய்தது போல் புதிய மைக் வந்து நின்றது.

குரல் வளம் மட்டும் இருந்திருந்தால் அவரும் பத்தில் ஒருவராகப் போயிருப்பார். ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கிடம் கற்றுக்கொண்டதை அவர் மறைக்கவில்லை. தாளத்தின் மேல் நேராக உட்காராமல் கொஞ்சம் பிந்தி வருவது, சொல்லைப் பேசுவது போல் உருட்டுவது, ஒரு சுரத்தில் இறங்கும் முன் பக்கத்துச் சுரத்தைச் சட்டென்று தொட்டுவிட்டு வருவது. இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டால் நம் காதுக்கு அன்னியமாகவே இருக்காது. கமகத்தின் தூரத்துச் சொந்தம். சத்தத்தின் சுமை குறைந்ததால்தான் இந்த நுணுக்கங்களுக்கு இடம் கிடைத்தது. முழுத் தொண்டையில் கத்துகிறவனால் இப்படிச் சிறு அசைவுகளைச் செய்ய முடியாது, செய்தாலும் தூரத்தில் கேட்காது.

அப்புறம் அவருடைய பிம்பம். பைப் பிடிப்பார், கோல்ஃப் ஆடுவார், பிள்ளை குட்டிக்காரர், எதற்கும் அவசரப்படாதவர். யாருடைய மனைவியையும் மயக்க வந்தவர் போல் இருக்காது, மாலையில் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்காரும் சித்தப்பா போலிருக்கும். 1944-இல் அவர் ஒரு படத்தில் கத்தோலிக்கப் பாதிரியாராக, பாட்டுப் பாடும் பாதிரியாராக, நடித்தார். சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் விருது கிடைத்தது. கர்தினால் திட்டிப் பன்னிரண்டு வருடத்துக்குள் ஒரு குரூனருக்குப் பாதிரி அங்கியே மாட்டிவிட்டது அமெரிக்கா. 1942-இல் பதிவான அவருடைய கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று, அச்சு எடுத்து எடுத்தே மூலத்தட்டு தேய்ந்துபோய், 1947-இல் திரும்பப் பாடிப் பதிவு செய்ய வேண்டி வந்தது. ஐந்து கோடிப் பிரதிகள் என்று மதிப்பிடுகிறார்கள். அதே 1947-இல் தன் வானொலி நிகழ்ச்சியை நேரடியாகப் பாடாமல் காந்த நாடாவில் பதிந்து ஒலிபரப்பும் வழக்கத்தைத் தொடங்கி, நாடாக் கருவி செய்த ஆம்பெக்ஸ் என்ற சின்னக் கம்பெனிக்கு 50,000 டாலரும் கொடுத்தார். கோல்ஃப் ஆட நேரம் வேண்டும் என்பது பாதிக் காரணம். உலகத்தின் ஒலிப்பதிவுத் தொழிலையே மாற்றிய முதலீடு அது.

கிராஸ்பிக்குச் சமமாகப் பேசப்பட்டவர் ரஸ் கொலம்போ. 1934-இல், 26 வயதில், நண்பர் வீட்டில் பழைய கைத்துப்பாக்கி ஒன்று தவறுதலாக வெடித்து இறந்துபோனார். அவருடைய தாய்க்கு அப்போது உடல்நிலை மோசம். மகன் இறந்ததை அவரிடம் சொல்லவே இல்லை குடும்பம். மகன் வெளிநாட்டில் பாடிக்கொண்டிருக்கிறான் என்று சொல்லி, அவன் எழுதுவது போல் கடிதங்களைப் பத்து வருடம் வாசித்துக் காட்டினார்கள். 1944-இல் இறக்கும்வரை அந்தத் தாய்க்குத் தெரியாது. தன் குரல் மட்டும் உயிரோடிருக்கிற எல்லாப் பாடகர்களுக்கும் இது கொஞ்சம் பொருந்தும் என்று தோன்றினாலும், கதையின் சோகத்தை அப்படித் தத்துவமாக்க மனம் வரவில்லை.

பிரிட்டனில் இந்தப் பாணியின் நாயகன் அல் பௌலி. மொசாம்பிக்கில் கிரேக்கத் தகப்பனுக்கும் லெபனான் தாய்க்கும் பிறந்து, ஜோகன்னஸ்பர்கில் வளர்ந்தவர். லண்டன் போகும் முன், 1920-களில், கல்கத்தாவிலும் சிங்கப்பூரிலும் ஹோட்டல் பேண்டுகளில் பாடிப் பிழைத்தார். 1941 ஏப்ரல் 17 அதிகாலை, லண்டனில் அவர் குடியிருந்த கட்டடத்துக்கு வெளியே ஜெர்மன் பாராசூட் கண்ணிவெடி வெடித்து இறந்தார். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஹிட்லர் சாவதைப் பற்றிய கேலிப்பாட்டு ஒன்றைப் பதிவு செய்திருந்தார்.

போர் நடக்கும்போது பி.பி.சி.க்கு வந்த சந்தேகம் வேடிக்கையானது. உருகி உருகிப் பாடினால் சிப்பாய் எப்படிச் சண்டை போடுவான்? பாடகி வேரா லின் 1941-இல் வானொலியில் வீரர்களுக்குக் கடிதம் போல் நடத்திய நிகழ்ச்சியைப் பற்றி நிர்வாகக் குழு ஒரு குறிப்பு எழுதியது. நிகழ்ச்சி வருந்தத்தக்கது, ஆனால் அதன் செல்வாக்கு கவனத்தில் கொள்ளப்பட்டது என்று. அரசாங்கக் கோப்பு மொழிக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. 1942 ஜூலையில் ஒரு கொள்கையே வந்தது. ரத்தசோகை பிடித்தது போல் பாடும் ஆண்களும், பொய்யாக உருகும் பெண்களும் ஒலிபரப்பில் கூடாது. சிப்பாய்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1944-இல் வேரா லின் இந்தியா வழியாகப் பர்மாப் போர்முனைக்கே போய்ப் பாடினார். வெயிலிலும் ஈரத்திலும் காத்திருந்து கேட்டார்கள். வீட்டை விட்டுப் பல ஆயிரம் மைல் தள்ளிக் கிடப்பவனுக்குப் படை அணிவகுப்புப் பாட்டைவிட ஒன்றரை அடித் தூரத்துக் குரல்தானே வேண்டும்.

ஃபிராங்க் சினாட்ரா இந்தக் கதையின் உச்சம். 1915-இல் ஹோபோக்கனில் பிறந்த இத்தாலிய வழிப் பையன், கிராஸ்பியைக் கேட்டு வளர்ந்தவர். டாமி டார்ஸியின் பேண்டில் பாடிய காலத்தில் டிராம்போன் வாசிக்கும் டார்ஸியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தே பாடம் படித்தார். எங்கே மூச்சு வாங்குகிறார் என்று தெரியாமல் எட்டு, பத்து தாள வட்டங்களுக்கு ஒரே இழையாக வாசிப்பார் டார்ஸி. வாயோரத்தில் ஊசித்துளை போல் ஒரு இடைவெளி விட்டு மூச்சைத் திருடுவதுதான் சூட்சுமம். சினாட்ரா நீச்சல்குளத்தில் நீருக்கடியில் நீந்தி மூச்சைப் பெருக்கினார். விளைவு, வரியின் பொருள் முடியும் இடம்வரை பாட்டு அறுபடாது. மைக்தான் பாடகனின் வாத்தியம், பெரும்பாலோர் அதை வாசிக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை என்பது அவருடைய கட்சி. 'ப' வரும்போது காற்று மைக்கில் மோதாமல் முகத்தைத் திருப்புவது, மூச்சு வாங்கும்போது மைக்கை விட்டு விலகுவது, உரக்கப் போகும்போது ஒரு சாண் தள்ளிப் பிடிப்பது எல்லாம் வாத்தியப் பயிற்சி போலவே நடந்தது. மேடையில் மைக் கறுப்பாக இருக்க வேண்டும் என்பார். கறுப்புக் கோட்டில் மறைந்துவிட்டால் நடுவில் கருவி இருப்பதே தெரியாதல்லவா.

அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் பதிவுக்கூட வேலைநிறுத்தம் தொடங்கியது. வாத்தியக்காரர்கள் உள்ளே போக மாட்டார்கள். பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை. பின்னணிக்கு ஒரு கோரஸ் குழுவை வைத்துக்கொண்டு பாடினார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் நீண்ட வேலைநிறுத்தம் முடியும்போது, பேண்டின் பெயரைச் சொல்லித் தட்டு வாங்கியவர்கள் பாடகரின் பெயரைச் சொல்லி வாங்கத் தொடங்கியிருந்தார்கள். 1944 அக்டோபரில் நியூயார்க்கின் பாரமவுண்ட் தியேட்டர் வாசலில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பெண்கள் தெருவை அடைத்தார்கள். உள்ளே போனவர்கள் ஒரு காட்சி முடிந்தும் இருக்கையை விட்டு எழவில்லை. அதே நாட்களில் ஒரு பையன் சினாட்ராமேல் முட்டை எறிந்தான். பெண்கள் அவனைப் புரட்டி எடுக்க, போலீஸ் வந்து மீட்க வேண்டியதாயிற்று. மறுநாள் கடற்படைச் சிப்பாய்கள் சிலர் தியேட்டர் முகப்பிலிருந்த அவர் படத்தின்மேல் தக்காளி அடித்தார்கள். கிரேப்ஃப்ரூட்டில் தொடங்கிய காய்கறி மரியாதை பதின்மூன்று வருடத்துக்குப் பிறகும் ஓயவில்லை. எறிந்தவர்கள் எல்லாரும் இளம் ஆண்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

தூரத்தைப் பற்றிப் பேசிவிட்டு நிறத்தைப் பற்றிப் பேசாமல் போனால் பாதிக்கதைதான். கறுப்பின ஆண் ஒரு வெள்ளைப் பெண்ணின் ஒன்றரை அடிக்குள் வரலாமா என்பது அன்றைய அமெரிக்காவில் உயிர் போகிற கேள்வி. பில்லி எக்ஸ்டைன் கிராஸ்பிக்கும் சினாட்ராவுக்கும் சற்றும் குறையாத குரல்காரர். 1950-இல் லைஃப் பத்திரிகை ஒரு புகைப்படம் போட்டது. பாட்டு முடிந்து வெளியே வந்தவரைச் சுற்றி வெள்ளைக்கார இளம் ரசிகைகள். ஒரு பெண் சிரித்தபடி அவர் மார்பில் சாய்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். பத்திரிகைக்குக் கோபக் கடிதங்கள் குவிந்தன, மேலே ஏறிக்கொண்டிருந்த அவருடைய புகழ் அதற்குப் பிறகு பழைய வேகத்தில் ஏறவில்லை. பியானோக்காரராகத் தொடங்கிப் பாடகரான நாட் கிங் கோல், 1956 ஏப்ரலில் தன் சொந்த மாநிலமான அலபாமாவின் பர்மிங்ஹாமில், வெள்ளையர் மட்டுமே அமர்ந்திருந்த அரங்கில் பாடிக்கொண்டிருந்தபோது வெள்ளை இனவெறியர்கள் மேடையேறி அவரைத் தாக்கினார்கள். அதே வருடக் கடைசியில் என்.பி.சி. தொலைக்காட்சியில் அவர் பெயரில் நிகழ்ச்சி தொடங்கியது. நல்ல நிகழ்ச்சி, பெரிய பெரிய பாடகர்கள் குறைந்த கூலிக்கு வந்து பாடினார்கள். ஆனாலும் நாடு முழுவதற்குமான விளம்பரதாரர் ஒருவர்கூடக் கிடைக்காமல் 1957 டிசம்பரில் நின்றுபோனது. வானொலியில் நிறம் தெரியாது. தொலைக்காட்சி அந்தக் குரலுக்கு ஒரு முகத்தையும் சேர்த்துக் கூடத்துக்குள் கொண்டுவந்தது, பிரச்சினை அங்கேதான்.

1950-களின் பாதியில் ராக் அண்ட் ரோல் வந்து குரூனர்களைக் கிழவர்களாக்கியது என்று சொல்வது வழக்கம். முழு உண்மை இல்லை. ராக் நாயகன் எல்விஸ் பிரெஸ்லியே குரூனர் டீன் மார்ட்டினின் ரசிகர், எல்விஸின் மெதுப் பாட்டுகளில் அந்தச் சாயல் அப்படியே இருக்கும். பிரேசிலில் ஜோவாவ் ஜில்பெர்ட்டோ 1958-இல் பாட வந்தபோது இன்னும் ஒரு படி இறங்கினார். கிட்டாருக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று என்று இரண்டு மைக் கேட்டு ஸ்டுடியோக்காரர்களைப் படுத்தினார். அதிர்வு இல்லை, உருக்கம் இல்லை, கிட்டத்தட்ட பேச்சு. போஸா நோவா என்ற பிரேசில் இசைப்பாணி பிறந்தது அப்படி. அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் 2019-இல் வந்த தன் முதல் ஆல்பத்தை அண்ணனின் படுக்கையறையில் பாடிப் பதிவு செய்தார். கேட்கிறவர்கள் காதுக்குள்ளேயே செருகிக்கொண்டு கேட்டார்கள். ஒன்றரை அடி என்பது இப்போது பூஜ்யமாகிவிட்டது.

நம் பக்கம் இந்த வழியில் முதலில் நடந்த பெரிய ஆள் கே.எல். சைகல். கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் படங்களில் மைக்கை நம்பிக் குரலை இறக்கியவர், 1930-களில் தமிழ் தேவதாஸுக்காகத் தமிழிலும் பாடியிருக்கிறார். அந்த உச்சரிப்பைக் கேட்டால் சிரிப்பு வரும், குரலைக் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். தமிழ் சினிமாவில் தியாகராஜ பாகவதர் வழி நாடக மேடையிலிருந்து வந்த வழி. பாகவதரைப் பார்த்துப் பாடத் தொடங்கிய டி.எம். சௌந்தரராஜன் அதன் வாரிசு. மைக் இல்லாவிட்டாலும் அவர் குரல் தெருக்கோடிக்குக் கேட்கும். ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீனிவாஸும் அப்படி இல்லை, மைக் இல்லாத உலகத்தில் அவர்களுக்கு வேலையே இருந்திருக்காது. ஜெமினி கணேசனுக்கு இவர்கள் குரல் ஒட்டிக்கொண்டது சும்மா அல்ல. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் ஊரைப் பார்த்துப் பாடுவார்கள், ஜெமினி எதிரே நிற்கும் ஒருத்தியைப் பார்த்துப் பாடுவார்.

எங்கள் வீட்டில் இரவு விளக்கணைத்த பிறகு அப்பா ரேடியோவைத் தலைமாட்டில் வைத்துக் கேட்பார். டி.எம்.எஸ். வந்தால் பிள்ளைகள் விழித்துக்கொள்ளும் என்று ஒலியைக் குறைப்பார். பி.பி.எஸ். வந்தால் கை தானாகத் திருகைக் கொஞ்சம் கூட்டும். அவருக்குப் பிடித்தது 1966-இல் வந்த 'ராமு' படப் பாட்டு. நிலாவைப் பார்த்து, என்னிடம் நெருங்காதே என்று கெஞ்சுகிற பாட்டு. அதைப் பாடுகிற குரல் மட்டும் தலையணைக்கு இந்தப் பக்கம், அரை அடிகூடத் தள்ளாமல் இருக்கும்.